ஒற்றைக்கண்ணிக்கு இரண்டு கண்

"சொட்டு போட்டாச்சு. கண்ண மூடிக்கிடுங்க எல்லாரும். நான் சொல்லுத வரைக்கும் தொறக்கக் கூடாது" என்று அந்த நர்ஸ் பிள்ளை சொன்னதும் மூடிக்கொண்டேன். எரிகிறது. கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசக்கிறது, உள்ளுக்குள் எங்கெங்கே வழி வைத்து இந்த உடம்பைக் கட்டியிருக்கிறதோ. ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை செண்பகவல்லி, வயது அறுபத்தொன்று, திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் எட்டுப் பேருக்கு நடுவில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறாள், கூட்டுத் தியானத்துக்கு வந்த மாதிரி. பக்கத்தில் என் அண்ணன் பெண்டாட்டி, உலகம்மை மைனி, துணைக்கு வந்தவள், அவளுக்கு மருந்து இல்லை, அதனால் எங்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை விடுவார்களாம், பாவை விரிந்ததும் டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்ப்பாராம். பார்த்துவிட்டுச் சொல்வார். போன மாதம் "இடது கண்ணுல ஒரு சந்தேகம் இருக்கு, அடுத்த தடவை பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார், அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு முப்பது நாள் தூங்காமல் கிடந்தவள் நான். பதினாறு வருஷச் சர்க்கரை. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கொசு பறக்கிறது, அடித்தால் சாகாத கொசு, மூடினாலும் பறக்கிறது, இதோ. பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இன்றைக்கு என் கண் இரண்டாம்பட்சம். முதலில் அவள் கண். சாயங்காலம் நாலரைக்குள் அவளுக்கு இரண்டாவது கண்ணை வாங்கிக் கொடுக்காவிட்டால் அவள் இன்னும் நூறு வருஷத்துக்கு ஒற்றைக்கண்ணியாகவே அச்சில் கிடப்பாள், என்னாலோ இன்று சாயங்காலம்வரை ஒரு எழுத்துக்கூடப் படிக்க முடியாது. நாள் பார்த்து வந்தேன் பார், என் புத்தியைச் சொல்லவேண்டும்.

அவளுக்குப் பெயர் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்தில் ஏதோ ஒரு துறவி, வேதநூலைப் படியெடுத்துக் கை கடுத்தபோது, தோல் ஏட்டின் ஓரத்தில் கிறுக்கி வைத்த மூன்று வரிக்குள் இருக்கிறாள். 'அவள் கண் கடல்மேல் இருந்தது, படகு மறையும்வரை. படகு மறைந்தது. அவள் கண்ணும் போயிற்று.' அவ்வளவுதான். யாருடைய படகு, புருஷனா பிள்ளையா, ஒன்றும் கிடையாது. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், ஆங்கில இலக்கியம் படிக்க உதவித்தொகையில் அதே அயர்லாந்தில் கால்வேக்குப் போனவள், கணப்பு இருக்கும் ஒரே வகுப்பறை அதுதான் என்பதற்காகப் பழைய ஐரிஷ் வகுப்பில் போய் உட்கார்ந்தேன், குளிருக்கு ஒதுங்கினவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அங்கே கண்ணுக்குச் சொல் 'ஸூல்'. தமிழில் 'சூல்' என்று எழுதினால் கர்ப்பம் ஆகிவிடும், அதனால் என் நோட்டில் எப்போதும் கிரந்த 'ஸ' போட்டே எழுதுவேன். அந்த 'ஸூல்' பிறந்த இடம் தெரிந்த அன்று ஹாஸ்டல்வரை ஓடினேன், உண்மையாகவே ஓடினேன், மழையில். அது கண்ணே இல்லை, சூரியன். நம் ஊருக்கு வடமொழி வழியாக வந்த சூரியனும் அதுவும் ஒரே வேர். பங்காளி மொழி பேசுகிற வேல்ஸ்காரர்களிடம் அந்தச் சொல் வானத்திலேயே நின்றுவிட்டது, இவர்கள்தான் அதை இறக்கி முகத்தில் வைத்துக்கொண்டார்கள். கண்ணுக்கு முன்னால் இருந்த பழைய சொல் எங்கே போயிற்று என்றால், முகத்துக்கான சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. ஏன் மாற்றினார்கள்? கண் பட்டுவிடும் என்று பயந்து கண்ணைக் கண் என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று ஒரு யூகம் உண்டு, எனக்கு அது யூகமாகவே படவில்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். நம் கண்ணும் சும்மா இருந்ததில்லை, 'அதன்கண்' 'அவன்கண்' என்று ஏழாம் வேற்றுமைக்கு உருபாகப் போய் வேலை பார்த்த கண்தான். கண்ணை இலக்கணத்துக்கு அனுப்பிய ஊர்க்காரி நான், சூரியனைக் கண்ணாக்கிய ஊரில் உட்கார்ந்து அதன் இலக்கணத்தை உருப்போட்டேன். பெண்பால். கண் எதற்குப் பெண்பால் என்று கேட்கக் கூடாது. ஒருமை 'ஸூல்', அதற்கு முன்னால் இரண்டு என்று வந்தால் அந்த இரண்டும் பெண்ணாக மாறி 'தீ' ஆகும், நம் நெருப்பு இல்லை, வேறு தீ, அது வந்ததும் ஸகரம் மெலிந்து ஹகரமாகிவிடும், 'தீ ஹூல்', இரண்டு கண். இந்த 'தீ ஹூலில்'தான் டொனஹி என்னைப் பிடித்தார்.

பேராசிரியர் டொனஹி. ஆறடி, சுருட்டு வாசனை, எங்கே தப்பு விடுவோம் என்று காத்திருக்கிற புருவம். அந்த மூன்று வரியை முதலில் அச்சிட்டவர் அவர்தான். "கண் ஒருமையில் இருக்கிறது. இந்த மொழிக்கு இருமை என்று தனியாகவே ஒன்று உண்டு, உன் மொழிக்குக் கிடையாது. இரண்டு கண் என்றால் 'தீ ஹூல்' என்று எழுதியிருப்பான். எழுதவில்லை. ஆகவே ஒரு கண்." ஒரு கண்ணோடு விட்டாரா, ஸூல் என்றால் சூரியன் அல்லவா, ஒற்றைக் கண் கடல்மேல் இருந்தது, பிறகு அணைந்தது, ஆகவே இவள் பெண்ணே அல்ல, மேற்குக் கடலில் விழுகிற சூரிய தேவதை! அதற்குப்பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தேவதைக்குக் கோயில் கட்டாத குறை. ஒரு ஒருமை விகுதிக்கு இத்தனை ஆராதனை. எனக்கோ முதல் தடவை படித்தபோதே தெரியும் அவளுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது என்று. வகுப்பில் எழுந்து சொன்னேன். "எப்படித் தெரியும்?" என்றார். "தெரிகிறது சார்" என்றேன். சிரித்தார்கள். தெரிகிறது என்பது ஆதாரம் இல்லையே. ஆனால் தெரிந்ததே! ஊசி குத்தின மாதிரி அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததே, பிறகு ஏன் என்னால் சொல்ல முடியவில்லை, முப்பத்துநாலு வருஷமாக ஏன் சொல்ல முடியவில்லை. இப்போது ப்ரோனா என்று ஒரு பெண், டொனஹியின் இடத்துக்கு வந்தவள், அந்த ஓரக்குறிப்புகளை எல்லாம் புதிதாகப் பதிப்பிக்கிறாள், என் பழைய கட்டுரையின் அடிக்குறிப்பில் நான் முனகி வைத்திருந்ததைத் தோண்டி எடுத்து மெயில் போட்டிருந்தாள், 'நீங்கள் சொல்வதை நம்ப ஆசையாக இருக்கிறது. ஆதாரம் ஒன்று கொடுங்கள். புதன்கிழமை எங்கள் நேரம் பகல் பன்னிரண்டுக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. இல்லாவிட்டால் பழைய மொழிபெயர்ப்பே நிற்கும்.' புதன்கிழமை. இன்று. அவர்களுக்குப் பன்னிரண்டு, நமக்கு நாலரை. மூன்று வாரமாக அலமாரி முழுக்கப் புரட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை, இடது கண்ணில் கொசுதான் பெரிதானது.

ஒன்று போனால் என்ன, ஒரு கண்ணை வைத்துக்கொண்டு படிக்கலாம், எத்தனையோ பேர் படிக்கிறார்கள். எந்தக் கண்? இடது என்றால் வலது இருக்கிறது. வலதுக்கும் வந்தால்? எந்தக் கண் என்று டாக்டர் சொல்வார், முதலில் அதைத்தான் கேட்கவேண்டும், எந்தக் கண் டாக்டர், எந்தக் கண். ஐரிஷில் என்னை எப்படிச் சொல்வார்கள்? 'லெத்' போட்டுச் சொல்வார்கள். லெத் என்றால் பாதி. ஜோடியாக இருக்கிற எதிலும் ஒன்றை மட்டும் சொல்ல அவர்களுக்குப் பாதி வேண்டும், ஒரு கை என்றால் பாதிக் கை, ஒரு கால் என்றால் பாதிக் கால், ஒரு கண் என்றால் 'லெத்ஹூல்', பாதிக் கண். நினைத்தால் எவ்வளவு நியாயம், இரண்டும் சேர்ந்துதானே முழுக் கண், ஒன்று போனால் இருப்பது பாதிதானே. வேண்டாம், இந்தப் பக்கம் வராதே, இந்தப் பக்கம் அந்த நாய் படுத்திருக்கிறது. அந்தச் சனியன் பிடித்த நாய். முதல் பருவத் தேர்வில் மொழிபெயர்க்கக் கொடுத்த வரி, 'வாசலில் லெத்ஹூல் உள்ள நாய் ஒன்று'. எனக்கு லெத் பாதி என்று தெரியும், ஸூல் கண் என்று தெரியும், பாதிக் கண் என்றால் அரைக்கண், அரைக்கண் என்றால் நமக்கு என்ன? 'வாசலில் அரைக்கண் மூடி உறங்கும் நாய் ஒன்று' என்று எழுதினேன், அழகாகக்கூட எழுதினேன். டொனஹி விடைத்தாளை வகுப்பில் உயர்த்திப் பிடித்துப் படித்தார். "மிஸ் செண்பகவல்லியின் நாய்க்குத் தூக்கம் வருகிறது. அது குருடு, மிஸ். ஒரு கண் இல்லாத நாய்." அன்றிலிருந்து வராந்தாவில் என்னைப் பார்த்தால் ஒருவன் குறட்டை விடுவான். சிவந்து போவேன், இந்த நிறத்திலும் எப்படிச் சிவக்கிறதோ. அதற்கப்புறம் நாய் இருக்கிற பக்கமே நான் போகவில்லை. எந்த நோட்டிலும் அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை.

"ரெண்டாந் தடவ. தலையச் சாச்சுக்கிடுங்க" என்று நர்ஸ் பிள்ளை வந்துவிட்டாள். குளிர்ந்த விரல் இமையை விரிக்கிறது, ஒரு வெள்ளை வெளிச்சம், சொட்டு, எரிச்சல். "ஒங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் போடணும்மா" என்று அடுத்ததிலும். "மூடிக்கிடுங்க." மூடிக்கொண்டேன். அவள் செருப்புச் சத்தம் நகர்ந்து நகர்ந்து போய் வரிசைக் கடைசியில் நின்றது, நின்ற வேகத்தில் அதட்டல் கிளம்பியது. "தாத்தா! கண்ண மூடச் சொன்னேன்லா? எதுக்குத் தொறந்து வச்சிருக்கீய?" ஒரு கிழக்குரல், சளைக்காத குரல், "எனக்கு வலது கண்ணுலதான தாயி மருந்து விட்ட? அதான் இந்தக் கண்ணத் தொறந்து மணி பாத்தேன்." "கண்ண மூடுங்கன்னா மூடணும் தாத்தா. ஒரு கண்ண மட்டும் மூடணும்னா ஒத்தக் கண்ண மூடுங்கன்னு சொல்லிருக்க மாட்டனா?" பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மைனி சிரித்தது தனியாகக் கேட்டது. நான் சிரிக்கவில்லை. என்னவோ மாட்டிக்கொண்டது. புடவை முள்ளில் மாட்டின மாதிரி நடக்க முடியாமல் நின்றுவிட்டேன். என்ன சொன்னாள்? ஒரு கண்ணை மட்டும் என்றால் ஒத்தக் கண் என்று சொல்லியிருக்க மாட்டேனா. சொல்லியிருப்பாள். ஆமாம், சொல்லியிருப்பாள். சொல்லவில்லை, அதனால் இரண்டும். கண்ணை மூடு என்றால் எட்டுப் பேரும் இரண்டு கண்ணையும் மூடினோம், ஒரு பயல் எந்தக் கண் என்று கேட்கவில்லை. ஒருமை! சுத்தமான ஒருமை! கையைக் கழுவு, காலை நீட்டு, காது கேட்கவில்லை, கண் தெரியவில்லை. ஒற்றைக் கையைக் கழுவிக்கொண்டு யாராவது சாப்பிட உட்காருவார்களா? பிறந்ததிலிருந்து பேசுகிறேன், பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், அதனால்தான் தெரிந்தது, அதனால்தான் சொல்ல முடியவில்லை! நமக்கும் இரண்டு கண் என்று சொல்லத் தெரியும், எண்ணவேண்டி வந்தால் சொல்லுவோம், இந்தப் பிள்ளை இப்போதுதான் சொன்னாள், ரெண்டு கண்ணுலயும் போடணும்மா. கண், ரெண்டு கண், ஒத்தக் கண். ஸூல், தீ ஹூல், லெத்ஹூல். மூன்றுக்கு மூன்று. டொனஹி இரண்டை எடுத்துப் பேசினார், ஒருமை, இருமை, மூன்றாவதை மறந்தார். ஒரு கண் என்றால் அவன் வெறும் ஸூல் எழுதியிருக்க மாட்டான், லெத் போட்டிருப்பான். போட்டிருப்பான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தத் துறவிக்கு லெத் போடுகிற பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். கேட்கட்டுமே. பழக்கம் உண்டா என்று... ஐயோ. நாய்.

நாய்! டொனஹி தேர்வுக்கு அந்த நாயை எங்கேயிருந்து எடுத்தார்? அதே ஏட்டிலிருந்து. அதே பக்கத்திலிருந்து. அந்தப் பக்கம் எனக்குக் கண்ணுக்குள் தெரிகிறது, மூடின கண்ணுக்குள், கொசுவுக்குப் பின்னால், பழுப்புத் தோல், புழு தின்ற ஓட்டை ஒன்று, மேலே அவளும் கடலும், நாலு வரி கீழே, அதே மை, அதே கோணல் கை, வாசலில் லெத்ஹூல் உள்ள நாய் ஒன்று. ஒரே பக்கம், ஒரே கை, ஒரே மத்தியானம்! நாய்க்கு ஒரு கண், அதனால் லெத் போட்டான். அவளுக்குப் போடவில்லை. போடவில்லை என்றால் அவளுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது. ஆதாரம் நாலு வரி தள்ளி முப்பத்துநாலு வருஷமாகப் படுத்துக்கிடந்திருக்கிறது, அதைத் தூங்குகிறது என்று எழுதினவளும் நான்தான், வெட்கப்பட்டுத் திரும்பிப் பாராமல் போனவளும் நான்தான். நாய் தூங்கவே இல்லை. என் செல்லமே. நீ முழித்துக்கொண்டுதான் இருந்தாய், அந்த ஒரு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, நான் எப்போது வருவேன் என்று. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்போல. "ஏ செம்பகம், என்னாச்சு? மருந்து தலைக்கு ஏறிட்டா?" என்றாள் மைனி. "மைனி, மணி என்ன?" "பதினொண்ணு ஆவப் போவுது. இந்த டாக்டர் எப்பதான் கூப்பிடுவாரோ, பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு." நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். கண் பூத்துப் போச்சு. யாரோ ஒருத்தர் வருவார் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போச்சு. 'அவள் கண் கடல்மேல் இருந்தது, படகு மறையும்வரை. படகு மறைந்தது. அவள் கண்ணும் போயிற்று.' தேவதையாவது சூரியனாவது! கரையில் நின்றாள், போனவனையே பார்த்தாள், கண் பூத்துப் போயிற்று. உலகம்மை மைனிக்கு டாக்டர் கதவைப் பார்த்து அரைமணியில் வந்தது அவளுக்குக் கடலைப் பார்த்து வந்திருக்கிறது.

"மைனி, என் பையில போன் இருக்கு, எடுங்க. ப்ரோனான்னு இங்கிலீஷ்ல இருக்கும், மேலயே இருக்கும், பி-யில ஆரம்பிக்கும். பேசி அனுப்புதது இருக்குல்லா, மைக் படம், அத அமுக்கிட்டு எங்கிட்டத் தாங்க." "கண்ண மூடிக்கிட்டா பேசப் போற?" "வாயாலதான பேசுதேன்." அமுக்கிக் கொடுத்தாள். மூடின கண்ணோடு, எட்டுப் பேர் நடுவில், எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான ஆங்கிலத்தில் பேசினேன், ஏழு நிமிஷம். அதே பக்கம், நாலு வரி கீழே, நாயைப் பார் என்றேன். லெத் இருக்கிறதா பார் என்றேன். என் மொழியில் கண் என்றால் என்ன, இரண்டு கண் என்று எப்போது சொல்வோம், ஒற்றைக் கண் என்று எப்போது சொல்லியே ஆகவேண்டும் என்று தாத்தாவையும் நர்ஸையும் வைத்தே விளக்கினேன். பேராசிரியர் டொனஹி தொண்ணூறு வயதில் நலமாக இருப்பதாகக் கேள்வி, அவரிடம் என் நாய் விழித்துக்கொண்டது என்று சொல் என்றேன், அதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. முடித்தபோது தாத்தா கேட்டார், "என்னம்மா, வெளிநாட்டுக்காரிக்கும் கண்ணு ஆப்பரேசனா?" "ஆமா தாத்தா, அவுங்க ஊர்ல ஒரு பொம்பளைக்கு. ஆயிரம் வருசமா ஒத்தக் கண்ணோட இருந்தா." "வந்துருமா?" "வந்துரும்."

மூன்றாம் தடவைச் சொட்டு விழுந்தபோது எரியவே இல்லை. நாலரைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது, அங்கே இப்போது காலை ஏழுகூட ஆகியிருக்காது, தூங்கிக்கொண்டிருப்பாள், எழுந்து பல் தேய்த்து ரயில் பிடித்து... போன் மடியில் அதிர்ந்தது. "மைனி, என்னது?" "அந்தப் பிள்ளதான். பேசி அனுப்பிருக்கா." "போடுங்க." ப்ரோனாவின் குரல் தூக்கம் கலையாமல், ஆனால் உயர்ந்து, வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழச் சொன்னது: படுக்கையில் இருந்தபடியே ஏட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நாய் இருக்கிறது, லெத் இருக்கிறது, அதே கை, எப்படி நாங்கள் யாரும் பார்க்கவில்லை, நாங்கள் எல்லோரும் தேவதையையே பார்த்துக்கொண்டிருந்தோம், மாற்றிவிட்டேன், 'அவள் கண்கள்' என்று மாற்றிவிட்டேன், குறிப்பு உங்கள் பெயரில், பன்னிரண்டுக்குள் எழுதி அனுப்பக்கூட வேண்டாம், நீங்கள் பேசியதையே எழுதிக்கொள்கிறேன். கடைசியில் ஒரு சிரிப்பு. எனக்கு மூடின இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் வந்தது, இரண்டு பக்கமும். "அழக் கூடாதும்மா, மருந்து போயிரும்" என்று நர்ஸ் பிள்ளை பஞ்சோடு ஓடி வந்தாள். உன்னால்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் பெயரைக் கேட்டேன். சுடர்மதி என்றாள். குறிப்பில் அந்தப் பெயரும் வரவேண்டும் என்று உடனே ப்ரோனாவுக்கு இன்னொன்று பேசி அனுப்பினேன்.

"செண்பகவல்லி." கூப்பிட்டுவிட்டார்கள். மைனி கையைப் பிடித்து நடத்தினாள், திறந்த கண்ணுக்குள் உலகம் முழுவதும் பால் ஊற்றின மாதிரி, எல்லா விளக்கும் பூவாக விரிந்து. முகவாயை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார் டாக்டர். வெளிச்சம். மேலே பாருங்க, கீழே, என் காதைப் பாருங்க. வெளிச்சத்துக்குள்ளே பயம் திரும்பி வந்தது, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்ததோ, வந்துவிட்டது, எந்தக் கண், எந்தக் கண், அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நான் லெத் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதானா. இடது கண்ணில் நெடுநேரம் நின்றார். விளக்கை அணைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம். "கண்ணு நல்லாருக்கும்மா. சர்க்கரைய மட்டும் பாத்துக்கிடுங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க." மைனிதான் பதறினாள், "எந்தக் கண்ணு டாக்டர்? எடதா, வலதா? சரியாச் சொல்லுங்க." அவள் கையை அழுத்தினேன். கேட்காதீர்கள் மைனி, கேட்கவே வேண்டாம், எனக்குத் தெரியும், இந்தத் தடவை எப்படித் தெரியும் என்றும் தெரியும். டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே சொன்னார், "கண்ணுன்னா கண்ணுதாம்மா. ஒண்ணு மட்டும்னா சொல்லிருக்க மாட்டேனா?"